நிபந்தனை ஜாமீன்

"எக்கா, கண்டிஷனல்ங்கறதுக்குத் தமிழ்ல என்ன?" என்று என் தம்பி எபனேசர் கேட்டான். மதியச் சாப்பாட்டு நேரம். அவனுக்குக் கல்யாணம் ஆன புதிது.

"நிபந்தனைக்கு உட்பட்ட."

"அப்ப கண்டிஷனல் டிரான்ஸ்ஜெனிக் மவுஸ்?"

பாடநூல் அலுவலகத்தில் மெய்ப்புப் பார்ப்பது என் வேலை. இந்த மாதிரிக் கேள்விகளுக்குச் சம்பளம் வாங்குகிறவள்தான். "நிபந்தனைக்கு உட்பட்ட மரபணு மாற்றச் சுண்டெலி" என்றேன்.

எபி வாயில் இருந்த சோற்றோடு சிரித்தான். "பேப்பர்ல வரும்லா, நிபந்தனை ஜாமீன்னு. தினமும் காலைல ஸ்டேஷனுக்குப் போயி கையெழுத்துப் போடணும். என் எலியெல்லாம் வரிசைல நின்னு கையெழுத்துப் போடுத மாதிரி இருக்குக்கா."

"போடட்டுமே. அப்படி என்ன குத்தம் செஞ்சிச்சு?"

"எலி ஒரு குத்தமும் செய்யல. அதோட ஜீன் செஞ்சிச்சு."

"அக்காளும் தம்பியும் எலிய விட்டுட்டுச் சாப்பிடுங்க" என்றாள் அவன் மனைவி சுகிர்தா. "எனக்குக் குழம்பு இறங்க மாட்டேங்கு."

நாங்கள் பாளையங்கோட்டைக்காரர்கள். வேலைக்காகத் தாம்பரம் பக்கம் வந்து, ஒரே மாடியில் எதிரெதிர் வீடுகளில் இருந்தோம். எபி ஊருக்கு வெளியே ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்தான். அவனுடைய எலிகளுக்கு எங்கள் குடும்பத்தின் இதயம் இருந்தது. நான் உவமைக்குச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஒரு ஜீன் கோளாறாக வருகிறது. அது இதயச் சுவரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தடிக்கவைக்கும். பிறகு ஒரு நாள், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், ஆள் விழுந்துவிடுவார். அப்பா கடை ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டு நிமிரும்போது விழுந்தார். அத்தை ஒரு கல்யாணப் பந்தியில், இலையில் பாயசம் ஊற்றும்போது. எபிக்கும் எனக்கும் அதே ஜீன் இருந்தது. எபி அதை எலிக்குள் வைத்து வளர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோளாறுன்னு தெரிஞ்சா எடுத்து எறிஞ்சிர வேண்டியதுதான?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"உடம்பு முழுக்க எடுத்தா எலி பிறக்கவே பிறக்காது. வயித்துலயே கரைஞ்சிரும். அதே ஜீன் வேற இடத்துல வேற வேலை பாக்கு. பாளையங்கோட்டை வீட்டுல பியூஸப் புடுங்கினா என்ன ஆகும்?"

"வீடு பூரா இருட்டு."

"அதான். ஒரு ரூம் லைட்ட மட்டும் அணைக்கணும்னா அந்த ரூம் ஸ்விட்ச்சுக்குப் போகணும். இதயத்துக்கு மட்டும் தெரிஞ்ச சங்கேதச் சொல் ஒண்ணு இருக்கு. அந்தச் சொல்லுக்குப் பின்னால ஸ்விட்ச்ச மாட்டுதோம். ஈரல்லயும் அந்தச் சொல் இருக்கும், ஆனா அங்க யாருக்கும் வாசிக்கத் தெரியாது. இதயத்துல மட்டும்தான் ஸ்விட்ச். அதுவும் சும்மா கிடக்கும். தண்ணில மருந்து கலந்து குடுத்தாத்தான் வேலை செய்யும். மருந்து உள்ள இருக்க வரைக்கும் அந்த ஜீன் வாய மூடிட்டு இருக்கும். நிறுத்தினா மறுபடி பேசும். இடம் ஒரு நிபந்தனை, மருந்து ஒரு நிபந்தனை."

"நம்ம பியூஸப் புடுங்கினா மாடி வீட்டு பாத்ரூம் லைட்டும் போகும், ஞாபகம் இருக்கால?"

"அந்த டிராயிங் வாத்தியாரு சோப்போட நின்னு கத்துவாருல்லா!" எபி தொடையில் தட்டிச் சிரித்தான். "அது வயரிங் பண்ணுனவன் செஞ்ச கோளாறு."

எலிகள் பிழைத்தன. தடித்த இதயங்கள் மெலிந்தன. அதன் பிறகு நடந்ததெல்லாம் எல்லாப் பெரிய மருந்துக்கும் நடப்பதுதான். ஒரு கம்பெனி வந்தது, அனுமதிகள் வந்தன, வெளியூர் நோயாளிகளிடம் சோதித்தார்கள், வருடங்கள் போயின. கடைசியில் அது ஊசியும் மாத்திரையுமாக ஆஸ்பத்திரிக்கு வந்தபோது எபியும் நானும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுத்து அந்த ஊசியைப் போட்டுக்கொண்டோம். ஊசி ஒரே ஒரு தடவை. அது ஸ்விட்ச்சை உள்ளே கொண்டுபோய் வைக்கும். மாத்திரை தினமும்.

காலையில் வேலைக்குப் புறப்படும்போது எபி என் கதவைத் தட்டிவிட்டுக் கேட்பான்: "கையெழுத்து?"

"போட்டாச்சு" என்பேன். "நீ?"

"ஆச்சு, ஆச்சு."

எனக்கு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது நின்றது. வருகிற பொங்கலைப் பற்றி யோசிக்கலாம், அடுத்த வருடத்தைப் பற்றிக்கூட யோசிக்கலாம் என்று ஆனது. அந்தத் தைரியத்தில்தான் எபியும் சுகிர்தாவும் பிள்ளை பெற்றுக்கொண்டார்கள். பெண். அக்சா என்று பெயர் வைத்தோம். குழந்தைக்கு அந்த ஜீன் இல்லை என்று பரிசோதனையில் தெரிந்த அன்று எபி ஆபீசில் எல்லோருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தான்.

குழந்தை பிறந்து சில மாதம் கழித்து சுகிர்தா என் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"மதினி, உங்க தம்பிக்குக் காது நல்லா கேக்குமா?"

"ஏன்?"

"பிள்ள தொட்டில்ல கிடந்து கத்துது. இவுக பக்கத்துலயே உக்காந்து லேப்டாப்பத் தட்டிக்கிட்டு இருக்காக. நான் குளிச்சிட்டு ஈரத்தலையோட ஓடி வாரேன். கேக்கலையான்னா, 'கேட்டுச்சு, பசியா இருக்கும்'ங்காக."

"ஆம்பளைங்க அப்படித்தான்."

சுகிர்தா என்னையே பார்த்தாள். "நீங்களுந்தான் மதினி. ரெண்டு வீட்டுக் கதவும் திறந்துதான் கிடந்துச்சு."

உண்மைதான். நான் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். குழந்தை அழுகிறது என்று தெரிந்தது. வெளியே மழை பெய்கிறது என்று தெரிவதுபோல.

அந்தக் கிறிஸ்மஸ் லீவில் எலிக்கூட்டில் ஒரு தவறு நடந்தது. அதைப் புரிந்துகொள்ள அவர்கள் வேலை செய்யும் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மருந்துத் தண்ணீர் வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும். அதனால் அந்தப் பாட்டில்களில் அலுமினியத் தாள் சுற்றியிருப்பார்கள். கசக்கும் என்பதால் சர்க்கரையும் போடுவார்கள். தாய் எலிகளுக்கு மட்டும் வெறும் தண்ணீர், தாள் சுற்றாத பாட்டில். குட்டிகள் பால் மறந்த பிறகுதான் அவற்றுக்கு மருந்து. குட்டி போட்டுத் தருகிற எலிக்கு எதற்கு மருந்தை வீணாக்குவது என்று எல்லா இடத்திலும் இதே வழக்கம். ஆகவே மருந்து குடித்த தாய் எப்படி இருக்கும் என்பதை யாரும் பார்த்ததே இல்லை. கம்பெனியின் சோதனைகளிலும் கைக்குழந்தைக்காரர்களைச் சேர்க்கவில்லை.

எபி ஊருக்குப் புறப்படுகிற அவசரத்தில் எல்லாப் பாட்டிலுக்கும் தாளைச் சுற்றிவிட்டுப் போனான். லீவில் பொறுப்பில் இருந்தவர் மினுங்குகிற பாட்டிலைப் பார்த்தார், மருந்துத் தண்ணீரை ஊற்றினார். யாரையும் குறை சொல்ல முடியாது.

திரும்பி வந்தவன் வேலைக்குப் போன அன்றே மத்தியானம் வீட்டுக்கு வந்துவிட்டான். நேராக என்னிடம் வந்தான்.

"குட்டிங்க மூலைக்கு மூலை கிடக்குக்கா. விறைச்சுப்போயி. தாய் கூட்டுல உக்காந்து தீனி தின்னுக்கிட்டு இருக்கு."

"நோவு ஏதும் வந்திருக்குமா?"

"இல்ல. உயிரோட இருந்த குட்டி ஒண்ண எடுத்துத் தூரத்து மூலைல வச்சுப் பாத்தேன். குட்டி கத்தும். நம்ம காதுக்கு எட்டாது, அதுக்கு ஒரு கருவி இருக்கு, அதுல கேக்கும். சாதாரணத் தாய்னா பாஞ்சு வந்து கழுத்தக் கவ்வித் தூக்கிட்டுப் போயிரும். நாம திருப்பித் திருப்பித் தூரப் போட்டாலும் சலிக்காது. இது வந்துச்சு. மோந்து பாத்துச்சு. திரும்பிப் போயிருச்சு."

"குட்டிய மறந்திருச்சோ?"

"அதெல்லாம் தெரியுது. பக்கத்துல வந்த குட்டிக்குப் பால் குடுக்கு. அழுகைதான் அத இழுக்க மாட்டேங்கு. யார் வீட்டுலயோ போன் அடிக்குத மாதிரி."

இருவரும் ஒரே சமயத்தில் எதிர் வீட்டைப் பார்த்தோம். கதவு திறந்திருந்தது. அக்சா அழுதுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று எங்களுக்குத் தெரியவில்லை.

சில வாரங்களில் எபி அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டான். மூளையில் ஒரு துளி இடம். இதயத்துக்கு மட்டும் தெரியும் என்று நினைத்த சங்கேதச் சொல்லை அங்கேயும் வாசிக்கிறார்கள். ஸ்விட்ச் அங்கேயும் வேலை செய்கிறது.

"மாடி வீட்டு பாத்ரூம்" என்றேன்.

இந்தத் தடவை எபி சிரிக்கவில்லை.

அவன் எதையும் மறைக்கவில்லை. கம்பெனிக்கு எழுதினான், கட்டுரை போட்டான். கம்பெனியும் மறைக்கவில்லை, மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் ஒரு வரி சேர்க்கச் சம்மதித்தது. தமிழ் வாசகம் திருத்த என்னிடமே வந்தது. "உணர்ச்சிகளில் லேசான மந்தம்" என்று இருந்தது. நான் "பிறர் அழுகையில் ஏற்படும் இழுப்பு குறையலாம்" என்று மாற்றி அனுப்பினேன். இழுப்பு என்றால் ஜனங்கள் மூச்சிழுப்பு என்று நினைத்துக்கொள்வார்கள், இது நுரையீரல் மருந்து இல்லையே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம்தான். மந்தம் என்ற சொல்லே நிலைத்துவிட்டது.

யாரும் மாத்திரையை நிறுத்தவில்லை. ஆயிரக்கணக்கான பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இதயமா அழுகையா என்று கேட்டால் யார் என்ன சொல்வார்கள்? என் ஆபீசில் ஒருத்தி, "மாமியார் அழுதா இழுக்காதுன்னா எனக்கும் ஒரு அட்டை வாங்கித் தாங்க மேடம்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வீட்டில் நீண்ட நாள் நோயாளியை வைத்திருந்த ஒருவர் சிரிக்கவில்லை. தனியாக வந்து, இதய நோய் இல்லாதவர்களுக்கும் அந்த ஊசி போடுவார்களா என்று என்னிடம் விசாரித்தார்.

ஒரு சனிக்கிழமை காலை எபி என் அடுக்களைக்கு வந்தான். தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"எக்கா, நான் மாத்திரைய நிறுத்தப் போறேன்."

"கிறுக்கா உனக்கு?"

"யோசிச்சுத்தான் சொல்லுதேன்."

"அக்சாவுக்கு உயிரோட இருக்க அப்பா வேணுமா, அழுதா எந்திரிக்க அப்பா வேணுமா?"

"அவ அழுகையக் கொறச்சிட்டா, கவனிச்சியா? குட்டிங்களும் அப்படித்தான். கத்திக் கத்திப் பாத்துட்டு அமந்திரும். அந்தக் கருவியில சத்தமே வரல. நல்லா இருக்குதுகன்னு நினைச்சேன்."

"அழுகை கேட்டா எந்திரிக்கணும்னு ஒரு பழக்கமா வச்சுக்கோ. பிரேயருக்கு எந்திரிக்கல்லியா? அத மாதிரி."

"அதையுந்தான் செய்யுதேன். கேட்ட உடனே எந்திரிக்கேன், தூக்குதேன், தட்டிக் குடுக்கேன். அவளுக்குத் தெரிஞ்சிருதுக்கா. என் மேல சாய மாட்டேங்கா."

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அப்பாவைச் சொன்னேன். அத்தையைச் சொன்னேன். சுகிர்தாவின் வயதைச் சொன்னேன். சொன்னதில் ஒரு வாதம்கூடத் தப்பில்லை. எபி பொறுமையாகக் கேட்டுவிட்டு என் கையைப் பார்த்தான்.

"எக்கா, தம்பி சாகப் போறேங்கான். நீ தோசையத் திருப்பிப் போடுத."

"கருகிரும்லா" என்றேன்.

எபிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தத் தோசையையும் இன்னொன்றையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனான்.

மருந்து உடம்பை விட்டு முழுவதும் இறங்கச் சில வாரங்கள் ஆகும். ஒரு நாள் எபி ஒரு காலில் மட்டும் செருப்போடு, வராந்தாவில் பாதி வழியிலிருந்து வீட்டுக்குள் திரும்பி ஓடியதைப் பார்த்தேன். உள்ளே அக்சா சிணுங்கியிருக்கிறாள். அழக்கூட இல்லை. அதன் பிறகு அவள் அவன் தோளை விட்டு இறங்கவே இல்லை. வாயைத் திறந்து, ஊரைக் கூட்டுகிற மாதிரி அழக் கற்றுக்கொண்டாள். "இது என்ன மதினி, அப்பாவும் மகளும் சேந்து கச்சேரி வைக்காக" என்று சுகிர்தா குறைபட்டுக்கொண்டாள். அவள் முகம் குறைபடவில்லை.

காலையில் கதவு தட்டுவது மட்டும் நிற்கவில்லை.

"கையெழுத்து?"

"போட்டாச்சு. நீ?"

"நான் தலைமறைவு" என்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனைக்குக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து சாப்பிடுவதற்கு முன்னால், எபி விழுந்தான். சுகிர்தா பார்த்துக்கொண்டிருந்தாள். அழுத குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தவன், ஒரு கணம் நின்றானாம். பிறகு அவளை மெத்தையின் நடுவில் பத்திரமாகக் கிடத்திவிட்டு, அதன்பிறகுதான் சரிந்தானாம்.

நான் எல்லாவற்றையும் செய்தேன். ஐஸ் பெட்டிக்குச் சொன்னேன். போதகருக்குப் போன் செய்தேன். ஊரிலிருந்து வருகிறவர்களுக்கு வேனும் டீயும் ஏற்பாடு செய்தேன். சவப்பெட்டிமேல் ஒட்டும் பெயரில் ஓர் எழுத்து தப்பாக இருந்தது, திருத்தி வாங்கினேன். ஜெபத்தின்போது எல்லோரும் அழுதார்கள். எல்லாம் தெளிவாகக் கேட்டது. முதலில் "தைரியமான பிள்ள" என்றார்கள். கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது வேனில் பின்சீட்டிலிருந்து ஒரு குரல், "ஒரு சொட்டு விடல பாத்தியா. கூடப் பிறந்தவன்லா" என்றது. வேறு குரல், "படிச்ச பிள்ளைங்க அழாதுக" என்றது.

எனக்கு இனி தம்பி இல்லை என்று தெரியும். அவனைப் பற்றிய ஒவ்வொன்றும் நினைவில் இருந்தது, இப்போதும் இருக்கிறது. நினைவுகள் வந்து நின்றன. மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனேன்.

சுகிர்தா என்னிடம் கோபப்படவில்லை. அவளுக்கு எல்லாம் தெரியும். ஒரு சாயங்காலம், துணி மடித்துக்கொண்டிருந்தபோது சொன்னாள்:

"மதினி, உங்களுக்கு என்னைக்காவது அழுகை வந்தா என்கிட்ட வந்து அழுங்க. அவுகளச் சின்ன வயசுல இருந்து தெரிஞ்சவுக நீங்க ஒருத்தர்தான். நான் தனியா அழுது களைச்சுப் போனேன்."

அடுத்த வாரம் இதய டாக்டர் ராபியாவைப் பார்க்கப் போனேன். எபிக்கும் எனக்கும் அவர்தான் பார்த்தார்.

"கொஞ்ச நாளைக்கு நிறுத்தினா என்ன ஆகும்?"

"உங்க தம்பிக்கு என்ன ஆச்சுன்னு தெரியும்ல?"

"அவன் நிறுத்தினது நிறுத்தினதுதான். நான் திரும்பப் போட்டுக்கிடுவேன்."

"சுவர் உடனே தடிக்காது. ஆனா நிறுத்தற ஒவ்வொரு தடவையும் ஒரு தழும்பு விழும். அது திரும்ப மறையாது. எந்தத் தழும்பு ஆளை எடுக்கும்னு எனக்குச் சொல்லத் தெரியாது." அவர் பேனாவை மூடினார். "எதுக்காக?"

"ஒரு அழுகை பாக்கி இருக்கு."

"தடுக்கறது என் வேலை" என்றார் ராபியா. "தடுத்துட்டேன். தனியா இருக்காதீங்க. படி ஏறாதீங்க. மயக்கம் மாதிரி வந்தா அப்படியே கீழ உக்காந்துருங்க." பிறகு, சீட்டில் எதுவும் எழுதாமல், "எனக்கும் ஒரு தம்பி இருக்கான்" என்றார்.

இதற்கு மேலே உள்ளதையெல்லாம் மாத்திரை போட்டுக்கொண்டிருந்த நாட்களில் எழுதினேன். நடந்தது நடந்தபடி இருக்கட்டும் என்றுதான் எழுதினேன். மாத்திரையை நிறுத்திச் சில வாரம் ஆகிவிட்ட பிறகு, இன்று காலை எடுத்து மெய்ப்புப் பார்ப்பதுபோல வாசித்தேன். எழுத்துப் பிழை இல்லை. தோசை வருகிற இடம் வரை வந்தேன். அதற்கு மேல் வாசிக்க முடியவில்லை.

கருகிரும்லா என்று சொல்லியிருக்கிறேன். என் எபியிடம்.

தாளைப் போட்டுவிட்டு எதிர் வீட்டுக்குப் போனேன். கதவைத் தட்டவில்லை. சுகிர்தா பருப்பு கடைந்துகொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் மத்தைக் கீழே வைத்தாள். எபி சின்ன வயதில் மழைக்குப் பயந்து என் பாவாடைக்குள் ஒளிந்துகொள்வான் என்று சொல்ல ஆரம்பித்தேன், மழை என்ற சொல்லைத் தாண்ட முடியவில்லை. அடுக்களைத் தரையிலேயே உட்கார்ந்து இரண்டு பேரும் அழுதோம். அக்சா நடந்து வந்து நின்று எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளும் சேர்ந்துகொண்டாள்.

மத்தியானம் வரை அங்கேதான் இருந்தேன். பருப்பு ஆறிப்போய்விட்டது. சுகிர்தா எழுந்து முகம் கழுவினாள். என் வீட்டுக்குப் போய் மாத்திரை அட்டையை எடுத்து வந்தாள். ஒரு மாத்திரையைப் பிதுக்கி என் உள்ளங்கையில் வைத்தாள், டம்ளரில் தண்ணீரும் கொண்டுவந்தாள்.

"கையெழுத்துப் போடுங்க மதினி."

"ரெண்டு நாள் போகட்டும் சுகிர்தா."

"ஒரு நாள்கூட வேண்டாம். இன்னொரு ஆளுக்கு அழ எனக்குத் தெம்பில்ல."

"போட்டுட்டா திரும்ப வராது."

"வேணுங்கறப்ப பரோல்ல வாங்க. நான் இங்கதான இருக்கேன்." அவள் டம்ளரை என் மறுகையில் திணித்தாள். "போடுங்க மதினி. அவுக இனி கதவத் தட்டிக் கேக்க மாட்டாகள்லா, அதான் நான் கேக்கேன்."

மாத்திரை உள்ளங்கையில் இருக்கிறது. வியர்வையில் அதன் ஓரம் கொஞ்சம் கரைந்துவிட்டது. நான் போட்டுக்கொள்வேன். சுகிர்தாவுக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

உள் அறையில் அக்சா விழித்து அழுகிறாள். நான் எழுந்ததே எனக்குத் தெரியவில்லை. டம்ளர் தரையில் கிடக்கிறது, நான் அறை வாசலில் நிற்கிறேன்.

முதலில் அவளைத் தூக்கிக்கொள்கிறேன்.